கைக்காசு போதும் என்று யார் சொன்னது?

தோட்டத்து ஆட்களுக்குக் கையில் காசு கிடைத்தால் போதும், சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல என்கிறார்கள். கம்பனிக்காரர்கள் மட்டுமா? கண்டிப் பக்கத்துக் கலஹா டவுனில் நம்மவர்களும் இதையே பேசுகிறார்கள். நாட்சம்பளம் ஒன்றையே தூக்கிப் பிடித்த தொழிற்சங்கங்களும் இந்த நினைப்பை வளர்த்துவிட்டன. இது ஆளைக் கீழாக மதிக்கும் பொய்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில், செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்த ஒவ்வொரு நாளுக்கும் தோட்டம் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 202 ரூபா 50 சதம். ஐந்து வருடமாவது வேலை செய்தவர் விலகினால், 1983ஆம் ஆண்டுச் சேவைக்காலப் பணச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. முப்பது வருடம் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு, அந்த 1,350 ரூபாக் கணக்கில், அது 567,000 ரூபா. கிலோக் கணக்கில் கைக்காசுக்கு எடுத்தால் செக்ரோலில் பேர் விழாது. இதில் ஒரு சதமும் சேராது. வருமானப் பங்கீடு என்று தேயிலை மலையைப் பிரித்துக் கொடுக்கும் திட்டமும் அங்கேதான் கொண்டுபோய் விடும். தொழிலாளி என்ற பேர் போய்விட்டால் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை யாரிடம் கேட்பது?

பிறகு ஏன் சனம் கைக்காசுக்குப் போகிறது? கண்டி மாவட்டத்தில் ஜனவசம என்ற அரச தோட்டச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தும் தோட்டங்களில் சேமலாப நிதி வருடக்கணக்கில் நிலுவையில் கிடந்திருக்கிறது. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணத்துக்காக வயதான பெண்கள் கடதாசிகளோடு அலைந்திருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்த மகள் இன்றைய காசை இன்றே கேட்கிறாள். பணம் வந்து சேராது என்று கண்டுகொண்டவளை விவரம் தெரியாதவள் என்பது அநியாயம்.

உண்மையில் எதை மதிக்கிறார்கள் என்று லயத்தில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலை செய்ய, அம்மாவின் பேரை மட்டும் தோட்டத்தில் விட்டுவைக்கும் குடும்பங்கள் எத்தனை! அவள் வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தார் லயத்துக் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற பயம். கூடுதல் காசை விட்டுக்கொடுத்து இவர்கள் காப்பாற்றுவது ஒரு கூரையை. அந்தக் கூரைக்கு உறுதிப் பத்திரம் இல்லாதவரை, அதைக் காட்டியே யாரையும் குறைந்த சம்பளத்துக்குக் கட்டிவைக்கலாம்.

அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள் முதலில் சேமலாப நிதி, சேவைக்காலப் பண நிலுவைப் பட்டியலைத் தோட்டம் தோட்டமாக வெளியிடட்டும். தாமதக் கட்டணத்தோடு கேட்கட்டும். காணி உறுதியையும் அதே மேசையில் வைக்கட்டும்.