ஜீவாவை நேரில் பார்த்தது யார்?



சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் படித்தவர்கள் நம் வகுப்பில் ஆறேழு பேர் இருக்கிறோம். எல்லாரும் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றியேதான் பேசுகிறார்கள். ஒருத்தன் மட்டும், "கதை நடக்கிறது 2021-ல. அந்த வருஷம் வந்து போயே போச்சு. எந்த நாய் வந்து பேசுச்சு? சுத்த டூப்பு!" என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். விஞ்ஞானக் கதை என்ன ஜோசியமா, தேதி பார்த்துப் பலிக்க? எனக்கு அந்தப் புத்தகம் படிக்கப் படிக்கப் பயமாக இருந்தது. அந்தப் பயம் நாயால் வந்தது இல்லை.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை இது. நம்ம பக்கம் வீட்டில் ஃபோன் இருந்தாலே பெரிய விஷயம் என்ற காலம். கதையில் ஜீவா என்பவர் நாட்டை ஆள்கிறார். ஜனங்களுக்கு ரெண்டெழுத்துப் பெயர்தான். நிலா, சிபி, ரவி, மனோ, ஏன் ஜீனோவும் கூட அப்படித்தான். (நம் வகுப்பு காளீஸ்வரி 'காளி' ஆக வேண்டியதுதான். அவள் அடிக்க வராமல் இருந்தால் சரி.) குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். ஒருவர் எவ்வளவு காலம் வாழலாம் என்பதையும் அரசாங்கமே முடிவு செய்யும். இதையெல்லாம் ஜனங்கள் பழகிப்போன விஷயமாக ஏற்றுக்கொண்டு, "ஜீவா வாழ்க" என்று இருக்கிறார்கள்.

இன்னும் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு தாண்டிவிடவும்!

ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது. அது ஹோலோகிராம், அதாவது ஒளியால் செய்த உருவம். நாடே கும்பிடுவது ஒரு பிம்பத்தை. கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2012 குஜராத் தேர்தலிலும் 2014 நாடாளுமன்றத் தேர்தலிலும் நரேந்திர மோடியின் முப்பரிமாண உருவம் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிப் பேசியது. 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதியின் உருவத்தையும் குரலையும் கம்ப்யூட்டரால் உருவாக்கி, 2024 ஜனவரியில் ஒரு புத்தக விழாத் திரையில் வாழ்த்திப் பேச வைத்தார்கள். இந்த இரண்டும் தொழில்நுட்பம் என்று சொல்லியே காட்டியது, பார்த்தவர்களுக்கும் தெரியும். சொல்லாமல் காட்டினால்? நாம் கேட்போமா?

கேட்க மாட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் நம் கையிலேயே இருக்கிறது. தீபாவளி வந்தால் போதும், 'விண்வெளியிலிருந்து தீபாவளி இரவில் இந்தியா' என்று ஒரு கலர் படம் ஃபோனுக்கு ஃபோன் சுற்றும். சிவகாசிக்காரர்களான நமக்கு ஒரே பெருமை! நம்ம வெடி வெளிச்சம் வானத்துக்கே தெரியுதாம்ல! நிஜத்தில் அது தீபாவளிப் படமே இல்லை. 1992 முதல் 2003 வரை எந்த ஊரில் எப்போது இரவு விளக்குகள் கூடின என்று காட்ட, அமெரிக்க விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் தகவலை வைத்து வண்ணம் போட்ட படம். தீபாவளியன்று கூடுகிற வெளிச்சம் மேலேயிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குக் குறைவு என்று 2012-இல் நாசாவே சொல்லிவிட்டது. வருஷம் பூரா பட்டாசு செய்கிற ஊர்க்காரர்கள் நாம். ஒரு வாணம் எவ்வளவு உயரம் போகும், எத்தனை நொடியில் அணையும் என்று நமக்குத் தெரியாததா? நாமே கேட்கவில்லையே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பத்தா பல வருஷம் பயராபீஸில் வேலை பார்த்தவர். மருந்திலும் திரியிலும் புழங்கிப் புழங்கி விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் 'பொருந்தவில்லை' என்று வரும். துடைத்து வைப்பார், அழுத்தி வைப்பார், ஊஹூம். கடைக்காரர் அப்பத்தாவைச் சின்ன வயசிலிருந்தே தெரிந்தவர். "என்ன பெரியம்மா, மிஷின் ஒத்துக்கிட மாட்டேங்குதே" என்பார். அவர் கெட்டவர் இல்லை. மிஷின் ஒத்துக்கொண்டால்தான் பில் வரும், அவர் என்ன செய்வார்? இல்லாத ஜீவாவை எல்லாரும் பார்த்தார்கள். எதிரே நிற்கிற அப்பத்தாவை மிஷினுக்குத் தெரியவில்லை. நாவலைப் படிக்கும்போது இதுதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அதற்காக மிஷினே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சுஜாதாவும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவர் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. கதையிலேயே பாருங்கள், மனுஷத்தன்மை அதிகம் இருப்பது ஜீனோவிடம்தான். அது புத்தகம் படிக்கிறது, கிண்டல் பண்ணுகிறது, முக்கியமாகக் கேள்வி கேட்கிறது! பிம்பத்தை ஓட்டியது ஆட்கள், நம்பியதும் ஆட்கள். ஜீவாவை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டிருந்தால் கதை முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்.

இதன் இரண்டாம் பாகம் 'மீண்டும் ஜீனோ'. அதில் ஜீவாவின் இடத்தில் நிலாவே உட்கார்ந்திருக்கிறாள். அவள் நிஜமான பெண்தான். ஆனால் அவள் பேசுவது அவளுடைய பேச்சா என்பதைப் படித்துப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். முதல் பாகம் என்னிடம்தான் இருக்கிறது, திங்கள்கிழமை நூலகத்தில் கொடுத்துவிடுவேன். முதலில் வருபவர்களுக்கே!