அலைக்குளத்தில் ஊரும் காலனியும்

தொழிற்சாலை வந்தால் சாதி போய்விடும் என்று நம்புகிற தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள், கேன்டீனில் ஒரே வரிசையில் தட்டு நீட்டுகிறார்கள், பிறகென்ன என்பது அவர்கள் வாதம். ஒரகடம் பக்கம் ஒரு காலனித் தெருவில் வளர்ந்த எனக்கு அந்த வாதத்தின் மேல் ஓர் ஆசையே உண்டு. பாதி உண்மைதான் அது.

நான் ஆறாவது படித்தபோது அப்பா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடிங் வேலை பார்த்தார். ஆயுதபூஜைக்கு வந்த பணத்தில் எங்களை ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார். டிக்கெட் கொடுத்தவர் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அம்மா கட்டிவந்த புளிசோற்றை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குத் தம்பி அழுதான்.

அலைக்குளத்தில் எங்கள் ஊர்த்தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருத்தி என் வகுப்பு. கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். கரையில் நின்ற அவள் பெரியம்மா முதலில் என் அம்மாவைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். "போதும், மேல வாங்கடி." திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஐந்து பேரும் ஏறி, நேராக ஷவருக்குப் போய்த் தலையோடு குளித்தார்கள். குளத்தில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். அவர்களெல்லாம் யார் எவர் என்று அந்தப் பெரியம்மாவுக்குத் தெரியாது. எங்களைத் தெரியும். "பசிக்குது, கிளம்பலாம்" என்றார் அப்பா. மணி பன்னிரண்டரைதான் ஆகியிருந்தது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கு எந்தப் பிரிவைத் தேடுவது? எங்களை யாரும் தடுக்கவில்லை. அவர்கள் விலகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்குப் புறப்பட்ட சிறுவன் அம்பேத்கருக்கு, சாதி தெரிந்த பிறகு வண்டி கிடைக்கவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், டிவி விளம்பரம் பார்த்து 'ஃபன்டவுன்' பூங்காவுக்குப் போகக் கேட்ட தன் ஆறு வயது மகளுக்குப் பதில் சொல்ல நா எழாததைக் குறிப்பிடுகிறார். மான்ட்கோமரி நகரமோ, கறுப்பின மக்களோடு சேர்ந்து குளிப்பதைவிட நீச்சல் குளத்தை மண் கொட்டி மூடுவதே மேல் என்று 1959இல் பூங்காக்களையே அடைத்தது. மகத் நகரில் 1927இல் சவுதார் குளத்தில் நம் மக்கள் நீர் அருந்திய பிறகு, சாணமும் கோமியமும் கலந்த 108 குடங்களைக் கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். அதைப் பாடத்தில் படித்த அன்று எனக்கு அந்த ஷவர்தான் கண்ணில் வந்தது.

ஆக, டிக்கெட் வாங்கித் தந்தது சமத்துவமல்ல, முகம் தெரியாமை. இந்தத் தொழில் வளையத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குக் கொஞ்ச நாளாவது அது கிடைக்கிறது. மண்ணில் பிறந்த நமக்கு இல்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஷிஃப்டில் யாரும் ஆவணத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது, "ஊர்ல எங்க?"

போன மாதம் எங்கள் லைனில் சேர்ந்த பெண்ணிடமும் கேட்டார்கள். மாரியம்மன் கோயில் பக்கம் என்றாள். கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்றார்கள்.