சொன்ன நாளில் பணம்: சப்ளையர் உறவு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கோவையில் தயாராகும் ஒரு பம்ப்செட்டில் ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். உள்ளே இருக்கும் வார்ப்பும் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ குறிச்சி சிட்கோவிலோ உள்ள சிறு பட்டறைகளில் உருவானவை. அந்தப் பட்டறைக்காரர்களின் சங்கம் நாங்கள். பெரிய நிறுவனங்கள் சப்ளையர்களுடன் உறவை எப்படிப் பேண வேண்டும் என்பதற்கு எங்கள் பதில் இது: சொன்ன நாளில் பணம் கொடுப்பதுதான் முதல் கடமை. தரம், விலைக் குறைப்பு, நேரத்துக்கு டெலிவரி எல்லாம் அதன் பிறகு பேச வேண்டியவை.

ஏன் இதை முதலில் வைக்கிறோம் என்பது பட்டறைக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஒரு லட்ச ரூபாய்க்கு வார்ப்புப் பாகங்கள் அனுப்பினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் போடுகிறோம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். பில் பணம் வந்ததா என்று வரித்துறை கேட்பதில்லை. வாங்கிய நிறுவனமோ அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்கிறது. 180 நாட்களுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுத்தால் போதும் என்று ஜிஎஸ்டி சட்டமே அதற்கு இடம் தருகிறது. பிக் அயர்ன், ஸ்கிராப் வியாபாரிகள் கடன் சொன்னால் சரக்கை இறக்குவதில்லை. சனிக்கிழமை கூலி நிற்கக் கூடாது. ஆக, பெரிய நிறுவனம் பணத்தை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு வாரமும் அதன் நடைமுறை மூலதனத்துக்கு வட்டி கட்டுவது பட்டறையின் வங்கிக் கணக்குதான். அந்த வட்டியை எந்தக் கொள்முதல் அதிகாரியும் பாகத்தின் விலையில் சேர்த்துக் கணக்கிடுவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் தவணை கேட்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி (எச்) பிரிவைச் சேர்த்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. வாங்கும் நிறுவனங்கள் சில இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தன. குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை விட்டுவிடுங்கள், ஆர்டர் தொடரும் என்று எங்கள் உறுப்பினர்கள் சிலரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. சரக்கு ஸ்டோர்ஸில் இறங்கிய நாளை விட்டுவிட்டு, சரக்கு ஏற்புச் சீட்டு (ஜிஆர்என்) போட்ட நாளிலிருந்து 45 நாளை எண்ணுவது இன்னொரு வழி. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சேர்ந்த நாளே ஏற்ற நாள் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்த இரண்டு நடைமுறைகளையும் நாங்கள் எதிர்க்கிறோம். பதிவை விடச் சொல்லும் எந்த நிபந்தனைக்கும் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பணத்துக்கு அடுத்து எங்களை வாட்டுவது, எழுத்தில் இல்லாத விஷயங்கள். காப்பர், பிக் அயர்ன் விலை இறங்கினால் விலைக் குறைப்புக் கடிதம் அடுத்த வாரமே வருகிறது. ஏறினால் ஏற்றத்துக்கு மூன்று நான்கு மாதம் அலைய வேண்டியிருக்கிறது. மூலப்பொருள் விலை எந்தக் குறியீட்டைப் பார்த்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, இரு பக்கமும் ஒரே சூத்திரத்தில் மாறும் என்பது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இருக்க வேண்டும். அசெம்பிளி லைனில் ஒரு பாகம் பொருந்தாவிட்டால் உடனே டெபிட் நோட் அனுப்புவதும் சரியில்லை. பாகத்தைத் திருப்பி அனுப்புங்கள், அளந்து பார்க்க எங்களுக்கும் வாய்ப்புக் கொடுங்கள். தவறு எங்களுடையதென்றால் ஏற்போம். கேஜ் வேறாக இருந்ததென்றால் அதையும் ஏற்க நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஷெட்யூலை மாதத்தின் நடுவில் பாதியாகக் குறைத்தால், அதை நம்பி வார்த்து வைத்த சரக்கு யார் பொறுப்பு என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

இதெல்லாம் இரக்கத்தின் பேரில் கேட்பது இல்லை, வாங்குபவருக்கும் இதில் லாபம் உண்டு. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானின் கரியா நகரில், வாகன உதிரிபாகம் செய்யும் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறு வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டொயோட்டா கையிருப்பு வைப்பதும் மிகக் குறைவு. ஜப்பானில் இருந்த அதன் லைன்கள் அநேகமாக எல்லாமே நின்றுபோயின. வரைபடங்களை வாங்கிக்கொண்டு, அந்த வால்வை அதுவரை செய்தேயிராத பல டஜன் நிறுவனங்கள் அதைச் செய்யத் தொடங்கின. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. என்ன விலை, யார் தருவது என்ற பேரம் முதலில் நடக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் லைன்கள் ஓட ஆரம்பித்தன. பல்லாண்டுகளாகக் கணக்கைச் சரியாக முடித்த வாங்குபவர் என்ற நம்பிக்கை இல்லாமல் அது நடந்திருக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து. பில் பணத்துக்குத் தொலைபேசியில் மாதக்கணக்காகக் கெஞ்சிய ஒருவர், உங்கள் ஆலையில் நெருக்கடி வரும்போது இரவு ஷிஃப்ட் போட்டு உதவ முன்வருவாரா?

எங்கள் வீட்டையும் நாங்கள் சரிசெய்ய வேண்டும். பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், பேட்டர்ன் வேலைக்கு நாங்களும் எங்களைவிடச் சிறியவர்களிடம் போகிறோம். மேலிருந்து பணம் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லி அவர்களைக் காக்கவைக்கும் உறுப்பினரை இந்தச் சங்கம் ஆதரிக்காது.

அரசிடம் எங்கள் கோரிக்கைகள் இவை. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், சப்ளையர் தன் பில்லைத் தள்ளுபடியில் விற்று முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணை வந்தது. பதிவு கட்டாயம், பில்லை அங்கே ஏற்பது கட்டாயமில்லை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் மறுப்புச் சொல்லப்படாத பில் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும். 45 நாளைத் தாண்டிய பாக்கியைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவாளரிடம் தெரிவிக்கின்றன. அந்த விவரம் நிறுவனவாரியாக எல்லோரும் எளிதில் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். தாமதப் பணம் பற்றி அரசின் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பலர் வாயைத் திறப்பதில்லை. ஆகவே உறுப்பினரின் பெயரை முதலில் வெளியிடாமல் சங்கமே, இந்தப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்தை அணுகுவதற்கு விதியில் இடம் வேண்டும். அந்த விதி வரும்வரை, பாக்கி விவரங்களை உறுப்பினர்கள் பில் நகலுடன் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். வாங்கும் நிறுவனத்தின் நிதிப் பிரிவுடன் நாங்களே முதலில் பேசுவோம்.