கருகிய ரெசிஸ்டர் குற்றவாளி அல்ல

நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பழைய வால்வு ரேடியோவில் திடீரென்று குரல் கரகரக்கிறது. கூடவே ஒரு கருகல் வாசனை. அப்புறம் சத்தமே இல்லை. பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தால், ஆம்ப்ளிஃபயர் பகுதியில் ஒரு ரெசிஸ்டர் (ரேடியோ கடைக்காரர்கள் பாஷையில் 'ரெசிஸ்டன்ஸ்') கரிக்கட்டையாக நிற்கிறது.

அடுத்து பெரும்பாலோர் செய்வது என்ன? அதே மதிப்பில் புதிது ஒன்றை வாங்கி, ஈயம் வைத்து, ஸ்விட்சைப் போடுவது. ரேடியோ பாடும், பத்து நிமிஷமோ பத்து நாளோ. பிறகு மறுபடியும் அதே வாசனை. இந்தத் தடவை கொஞ்சம் 'புத்திசாலித்தனமாக' அரை வாட் இருந்த இடத்தில் ஐந்து வாட் போடுவார்கள். இனிமேல் ரெசிஸ்டர் கருகாது, உண்மைதான். அதைவிடப் பல மடங்கு விலை உள்ள வேறொன்று கருகும்!

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். ஆம்ப்ளிஃபயரில் கருகிய ரெசிஸ்டர் அந்த அம்பு மாதிரிதான். அது தானாகக் கருகுவது அபூர்வம். வேறு யாரோ அதன் வழியாக அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' யார் என்று கண்டுபிடிக்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றுவதை ரிப்பேர் என்று சொல்லக்கூடாது.

ஒரு உதாரணம். 1950களில் வந்த ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டுவதற்குப் பரவலாகப் பயன்பட்ட வால்வு ஈஎல்84. 250 வோல்ட்டில் இதன் கேத்தோடில் ஏறக்குறைய 135 ஓம் ரெசிஸ்டர் போடுவார்கள். அதன் இரு முனைகளுக்கு இடையே 7.3 வோல்ட் இருக்கும். ஓம் விதிப்படி வகுத்தால் 54 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் வெப்பமாகும் சக்தி 0.4 வாட்.

இப்போது அதே மின்னோட்டம் இரண்டு மடங்கானால்? வெப்பமும் இரண்டு மடங்கு என்று நினைத்தால் தப்பு. சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே நான்கு மடங்கு, அதாவது 1.6 வாட். ஒரு வாட் ரெசிஸ்டர்கூட இதைத் தாங்காது.

ஏன் இரண்டு மடங்காகிறது? பல சமயங்களில் காரணம், முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து ஈஎல்84-இன் கிரிடுக்கு ஒலியைக் கொண்டுவரும் சின்ன கப்ளிங் கண்டென்சர். அது ஒலியை (ஏசி) மட்டும் விட்டு, டிசி வோல்ட்டேஜைத் தடுக்க வேண்டும். பழைய காகிதக் கண்டென்சர்கள் வயதானால் கசிய ஆரம்பிக்கும். முந்தைய ஆனோடில் 80 வோல்ட், கண்டென்சரின் கசிவு 9 மெகா ஓம், கிரிடிலிருந்து சேஸிஸுக்கு 1 மெகா ஓம் என்று வைத்துக்கொண்டால், பூஜ்யமாக இருக்க வேண்டிய கிரிடில் 8 வோல்ட் வந்து உட்கார்ந்துவிடும். வால்வு முழுசாகத் திறந்துகொண்டு மின்னோட்டத்தை இழுக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றில் ஓம் அளவு 2 மெகா ஓமோடு நின்றுவிடும். கண்டென்சரைக் கழற்றி அதில் வைத்தால் 'கசிவே இல்லை' என்று காட்டும்! ஆகவே ஓம் அளப்பதை நம்பாமல், ஓடும் ரேடியோவில் கிரிடின் வோல்ட்டேஜைப் பார்ப்பதே சரி. அங்கே பாசிட்டிவ் வோல்ட்டேஜ் வந்தால் கண்டென்சரின் கிரிட் பக்கத்துக் காலை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்கு வந்தால் கண்டென்சர் குற்றவாளி. வரவில்லையென்றால் வால்வையே சந்தேகிக்கலாம்.

சரி, ஐந்து வாட் ரெசிஸ்டர் போட்டால் என்ன ஆகும்? ஈஎல்84-இன் ஆனோடு தாங்கக்கூடியது 12 வாட். 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் போனாலே கணக்கு சரியாக 12 வாட்! வழக்கமான வேலையிலேயே அது விளிம்பில்தான் நிற்கிறது. மின்னோட்டம் ஏறினால் ஆனோடுத் தகடு சிவக்கும். அத்தோடு நிற்காது. இதற்கு ஜோடியாக வரும் ஈஇசட்80 ரெக்டிஃபயர் 90 மில்லி ஆம்பியர் வரைதான் கொடுக்கும். அடுத்து அது போகும். அல்லது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போகும். இன்றைக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி அலைவதைவிட ரேடியோவை மூட்டை கட்டுவது சுலபம். சில ரூபாய் ரெசிஸ்டர் தன்னை எரித்துக்கொண்டு காப்பாற்றியதை, ஐந்து வாட் வீரர் காவு கொடுத்துவிடுவார்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரிலும் கதை இதுதான். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அதன் எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டர் கருகும். டிரான்சிஸ்டரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் ஸ்பீக்கர் காயிலுக்கு நேராக டிசி போய், அதுவும் சேர்ந்து எரியலாம். சில செட்டுகளில் ஃபியூஸ் மாதிரி அறுந்துபோவதற்கென்றே செய்த ரெசிஸ்டர்களைப் போட்டிருப்பார்கள். சர்க்யூட் படத்தில் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்தால், அங்கே குறிப்பிட்ட வகையைத்தான் போட வேண்டும். சாதாரண ரெசிஸ்டர் போட்டால் விஷயம் ரேடியோவோடு முடியாமல் வீட்டுக்குத் தீ வைப்பதில் முடியலாம்.

'எல்லா ரெசிஸ்டரும் இப்படித்தான் கருகுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தயாரித்தவரே கஞ்சத்தனமாக 0.4 வாட் வெப்பத்துக்கு அரை வாட் ரெசிஸ்டர் போட்டு, அது வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து போவதும் உண்டு. அப்போது ஒரு வாட், இரண்டு வாட் போடுவது சரியான வைத்தியம். ஆனால் அதையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரெசிஸ்டர் மீது விழும் வோல்ட்டேஜை அளந்து, கணக்குப் போட்டு, மின்னோட்டம் சரியாக இருந்தால் மட்டுமே வாட்டைக் கூட்டலாம்.

கருகிய ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளையும் அப்படியே நம்பக்கூடாது. சூட்டில் சிவப்பு பழுப்பாகத் தெரியும். சர்க்யூட் படம் இருந்தால் நல்லது. ஸ்டீரியோ என்றால் இன்னொரு சேனலில் அதே ரெசிஸ்டர் சாட்சியாக நிற்கும்.

கைவைக்கும் முன் இரண்டு விஷயம். ரேடியோவை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 250, 300 வோல்ட் காத்துக்கொண்டிருக்கலாம். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் உறுதி செய்துவிட்டுத்தான் தொட வேண்டும். மாற்றிய பின் முதல் தடவை சீரிஸ் போர்டு வழியாகவே ஓட விட வேண்டும். இழை உள்ள 100 வாட் குண்டு பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட் இன்னும் இருக்கிறது.

மெக்கானிக்கை மட்டும் திட்டுவதும் சரியல்ல. 'ஒரு ரெசிஸ்டருக்கு இவ்வளவா?' என்று பேரம் பேசுகிறவர் பொருளுக்குத்தான் காசு கொடுக்கிறார், தேடுவதற்குக் கொடுப்பதில்லை. தேடலுக்குக் கூலி இல்லாத ஊரில் யார் தேடுவார்கள்? கல்லூரி லேபிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஓம் விதியில் கணக்கு கேட்டால் எல்லோரும் போடுவார்கள். கருகிய போர்டைக் கொடுத்து 'ஏன்?' என்று கேட்கும் பரீட்சைதான் இல்லை. ரீடிங் வந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வந்துவிடும்.

பழுது பார்ப்பது என்றால் கெட்ட பொருளை மாற்றுவது என்று ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கெட்டது எது, கெடுத்தது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் பழுது பார்ப்பது. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மீட்டர், ஒரு குண்டு பல்பு, ஸ்விட்சைப் போடும் முன் 'ஏன்' என்று கேட்க ஐந்து நிமிஷப் பொறுமை, அவ்வளவுதான்.