100 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் யார்?

பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் புதிய மதுக்கடை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் ஜமாஅத்தார் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பள்ளிவாசலுக்கு எவ்வளவு தூரம்?" தூரம் போதும் என்று தெரிந்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. குடிப்பவர்கள் குப்பத்தார், கடையும் குப்பத்துப் பக்கம்தான் வருகிறது, நமக்கு அது ஹராம், ஆகவே நமக்கென்ன என்கிறார்கள். ஐவேளைத் தொழுகையாளிகளே இப்படிப் பேசுவதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரசு விதியை முதலில் பார்த்துவிடுவோம். 2003 ஆம் ஆண்டின் மதுச் சில்லறை விற்பனை விதிகளின்படி, வழிபாட்டுத் தலத்துக்கும் கல்விக்கூடத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும் ஏனைய பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது. 100 மீட்டர் என்பது பாங்கு சொல்லி முடிவதற்குள் நடந்து கடந்துவிடும் தூரம். இந்த விதி கட்டடத்தின் கண்ணியத்தைக் காக்கிறது. அதற்கு அப்பால் வாழும் மனிதனைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அரசின் அளவுகோல் அதுவாக இருக்கட்டும். நம் மார்க்கத்தின் அளவுகோலும் அதுதானா?

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆம் வசனங்கள் மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். மதுவும் சூதும் ஷைத்தானின் செயல் என்று சொன்ன இறைவன், அவற்றைக் கொண்டு மக்களிடையே பகைமையையும் வெறுப்பையும் மூட்டவே ஷைத்தான் நாடுகிறான் என்று காரணத்தையும் கூறுகிறான். இறைநினைவும் தொழுகையும் தடைபடுவது அதற்கு அடுத்தே சொல்லப்படுகிறது. பகைமை ஒருவனுடைய வயிற்றுக்குள் நடப்பதன்று. வீட்டிலும் தெருவிலும் நடப்பது. அது முஸ்லிம் தெரு, மீனவர் தெரு என்று பிரித்துப் பார்த்து வருவதில்லை. நம் பிள்ளைகள் குடிப்பதில்லை என்று சொல்லிக்கொள்வதும் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் கிடைக்கும் நிம்மதியே.

இங்குள்ள பிழைப்பின் தன்மையையும் எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் வாழும் ஊரன்று இது. இறாலும் நண்டும் கரையேறிய அன்றே காசு கைக்கு வருகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்பாடு குறைந்த நாட்களில் அந்தக் காசும் இல்லை. கரைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மதுக்கடை திறந்தால், வீடு கேட்பதற்கு முன்பே கடை கைநீட்டிவிடும். உப்புநீரில் உழைக்கும் உடம்புக்கு அது வேண்டியிருக்கிறது என்று சிலர் பரிந்து பேசுகிறார்கள். உழைப்பின் கடுமையை யார் மறுத்தார்? அதே நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் உடம்பு வலிக்கத்தான் செய்கிறது. அவர்களுக்காக எவரும் கடை கேட்பதில்லை.

இன்னும் கசப்பான ஒன்றுண்டு. மதுக்கடை ஆகாயத்தில் திறப்பதில்லை. யாரோ ஒருவரின் கட்டடத்தில் திறக்கிறது. பக்கத்தில் யாரோ ஒருவர் சுண்டலும் தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் விற்கிறார். மதுவின் பொருட்டுப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ள நபிமொழியில் குடிப்பவர் ஒருவர்தான். பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று மற்றவர்களின் வரிசை நீள்கிறது. மது செய்வான் என்று தெரிந்தவனுக்குத் திராட்சை விற்பதே கூடாது என்று நம் ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். திராட்சை ஹலால்தான், செங்கல்லும் ஹலால்தான். வாடகை ஒப்பந்தத்தில் டாஸ்மாக் என்று எழுதியிருக்கும்போது, "கட்டடத்தைத்தானே கொடுத்தேன்" என்ற வாதம் எங்கே நிற்கும்?

வருவாய் என்றும் கள்ளச்சாராயம் என்றும் இரண்டு சாக்குகள் உண்டு. 2023-24 இல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மதுவில் மனிதர்க்குச் சில பயன்கள் இருப்பினும் அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்று அல்பகரா 219 ஆம் வசனம் இந்தக் கணக்கை என்றோ தீர்த்துவிட்டது. அடுத்து, கடை இல்லாவிட்டால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் விஷச்சாராயம் உயிர்களைப் பறித்தபோதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும், தமிழ்நாட்டில் 4,000க்கும் மேற்பட்ட அரசுக் கடைகள் திறந்தேதான் இருந்தன.

நம் ஏரியின் வடபகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. அங்கே நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்ற சிற்றூரில், எழுத்தறிவு வகுப்புகளில் கூடிப் படித்தும் பேசியும் துணிவு பெற்ற ஏழைப் பெண்கள், 1992 வாக்கில் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தார்கள். அது மாவட்டமெங்கும் பரவியது. 1993 இல் சாராயத்துக்கும் 1995 இல் எல்லா மதுவுக்கும் ஆந்திர அரசு தடை விதிக்க நேர்ந்தது. (இரண்டே ஆண்டுகளில் அரசு பின்வாங்கியது, அது அரசின் பலவீனம், அந்தப் பெண்களுடையதன்று.) தமிழ்நாட்டிலும் 2017 இல், உச்ச நீதிமன்ற ஆணையால் மூடப்பட்ட நெடுஞ்சாலைக் கடைகளை ஊர்களுக்குள் கொண்டுவர முயன்றபோது, வழிமறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

குப்பத்தாரால் இதெல்லாம் ஆகாது என்று இளக்காரமாகப் பேசுவோருக்கு ஒன்று சொல்வேன். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில், யார் எந்த நாளில் எங்கே வலை விரிப்பது என்பதைப் பாடு முறைப்படி ஊரே கூடிப் பங்கிட்டு வந்திருக்கிறது. தன் நீரைப் பங்கிடத் தெரிந்த ஊருக்குத் தன் தெருவில் எந்தக் கடை வரலாம் என்று சொல்லத் தெரியாதா? அவர்களோடு சேர்ந்து நிற்க நாம்தான் போகவில்லை. ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. நம் ஆண்களில் மிகச் சிலரே போகிறோம். பெண்களை அனுப்புவதே இல்லை. பள்ளிவாசல் பெயரில் தனி மனு கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம்.

அடுத்த கிராம சபையில் குப்பத்துப் பெண்கள் மதுக்கடைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தால் அவர்களோடு எத்தனை பேர் கைதூக்கப் போகிறோம் என்பதை ஜமாஅத் இப்போதே கூடி முடிவு செய்யட்டும். கடைத்தெருவில் கட்டடம் வைத்திருப்போரையும் அதே கூட்டத்துக்கு அழையுங்கள்.