பிரேக்கில் காற்றை விட்டு வைக்கலாமா?

மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு காட்சியைக் காணலாம். ஓரமாக ஒரு டூரிஸ்ட் கார். முன் சக்கரங்கள் கழற்றப்பட்டிருக்கும். அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டிரைவர் காலிப்பரை மாற்றுவார். உள்ளே பெடலை மிதிக்க அவர் மகன். காரேஜ் கூலி மிச்சம். திங்கட்கிழமை சவாரியும் கெடாது.

இதைக் குறை சொல்ல முடியாது. உழைத்துப் பிழைப்பவர் தம் வண்டியைத் தாமே பழுது பார்ப்பது நல்லதுதான். ஆனால், போல்ட்டை முறுக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதே ஆபத்து. குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். உள்ளே காற்று இருந்தால் காலின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் பஞ்சு போல் அமுங்கும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ரயில் பாடம்

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அங்கே காற்றேதான் பிரேக். குழாயில் 5 கிலோ அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விடுபட்டு நிற்கும். குழாய் அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதாவது, ரயிலில் பழுது வண்டியை நிறுத்துகிறது. காரிலோ பழுது வண்டியை நிற்கவிடாமல் செய்கிறது.

அப்படிப்பட்ட ரயிலுக்கே எத்தனை சோதனை! 1915-ல் தொடங்கிய மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்த்த பெட்டி பிரேக் சோதனை இல்லாமல் வெளியே வராது. இஞ்சினிலும் கடைசிப் பெட்டியிலும் அழுத்தம் பார்த்த பிறகே வண்டி புறப்படும். சந்தில் பழுது பார்த்த காருக்கு மட்டும் சோதனை வேண்டாமா?

கவனிக்க வேண்டியவை

முதலில், ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது; வண்டிக்கு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். புதிய காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடது வலது மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும். நாளெல்லாம் மிதித்தாலும் வராது.

நிப்பிளில் ரப்பர் டியூபை மாட்டி, மறு முனையை ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்த வேண்டும். 'மிதி' என்றால் மகன் மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகே 'விடு' என்று சொல்ல வேண்டும். முந்தி விட்டால் காற்று திரும்பவும் உள்ளே போகும். குமிழி நிற்கும் வரை இதே வேலை. மேலே டப்பாவில் ஆயில் வற்றவும் விடக் கூடாது. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை வண்டியின் கையேடு சொல்லும்.

ஆயிலில் சிக்கனம் ஆகாது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். மும்பை மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள் கண்டாலாவிலிருந்து கோப்போலிக்கு இறங்குகையில், சூடேறிய பிரேக்கில் ஆயில் ஆவியானால் அதுவும் காற்று புகுந்த கதைதான். ஆகவே என்றோ திறந்த பாட்டில் வேண்டாம். பழைய ஆயில் நஞ்சு, பெயின்ட்டையும் அரிக்கும். குழந்தைகள் கைக்கு எட்ட வைக்கலாகாது.

வேலை முடிந்ததும் பெடல் கல் போல் நிற்க வேண்டும். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பார்க்க வேண்டும். பெடல் இன்னும் அமுங்கினால் கௌரவம் பார்க்காமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் காற்றை முழுதும் எடுக்கத் தனிக் கருவியே தேவைப்படும்.

மறுநாள் அந்தக் காரில் ஏறுகிற பயணிக்கு, முந்திய நாள் சந்தில் நடந்தது தெரியாது. அவர் டிரைவரை நம்பி ஏறுகிறார். கூலியை மிச்சம் பிடிக்கலாம். சோதனையை மிச்சம் பிடிக்கலாகாது.