கை வைத்துப் பாருங்கள்



மே மாதம் பிறந்துவிட்டால் சேலத்துக்காரர்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறினால் சேர்வராயன் மலையின் குளிர்ச்சி. கூடவே ஏற்காடு கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு என்று எத்தனையோ இருந்தாலும், கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் நாய்க் கண்காட்சிக்கென்றே ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் ஒரு பக்கம் நிற்கும். லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் டாபர்மேனும் மறுபக்கம். குழந்தைகள் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிச் சொல்லிக் கத்தும்.

இந்த முறை நீங்கள் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். நாயைப் பார்க்கும்போதே, அதைச் சோதிக்கிறவரின் கைகளையும் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நல்ல நடுவர் எடுத்தவுடன் நாயின் தலையில் கை வைக்கமாட்டார். முதலில் புறங்கையை மோந்து பார்க்க விடுவார். அப்புறம் உதட்டைத் தூக்கிப் பல்லையும் ஈறையும் பார்ப்பார். காதுக்குள் பார்வை போகும். தோளிலிருந்து விலா, விலாவிலிருந்து இடுப்பு, கடைசியில் பாதம் என்று கை இறங்கும். பிறகு கொஞ்ச தூரம் நடக்கவிட்டுக் கால் வைக்கும் விதத்தைப் பார்ப்பார். மொத்தமும் இரண்டு நிமிட வேலை. எந்த இனம் வாங்கலாம் என்ற யோசனையோடு வீடு திரும்புகிறவர்களைவிட, இந்த இரண்டு நிமிட வேலையைக் கற்றுக்கொண்டு திரும்புகிறவர்கள் வீட்டு நாய்தான் நீண்ட நாள் நன்றாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், உங்கள் நாயைக் கை வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் (சில நாய்களுக்குப் பிறவியிலேயே கறுப்புத் திட்டு உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்). விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியே இருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம். விலாவைத் தடவும்போது உங்கள் புறங்கை எலும்பைத் தடவுகிற மாதிரி மெல்லிசாகத் தட்டுப்பட்டால் எடை சரி. விலாவே கைக்கு அகப்படாத லாப்ரடார்கள் நம் வீடுகளில் நிறைய. ஆசையாகக் கொடுக்கும் பிஸ்கட்டும் இனிப்பும் அவற்றின் இடுப்பு மூட்டில் போய்த்தான் உட்காருகின்றன.

காது நாறினாலும், நாய் தலையைச் சாய்த்துச் சாய்த்து உதறினாலும் உள்ளே தொற்று இருக்கலாம். தொங்கும் காதுள்ள இனங்களுக்குக் குளிப்பாட்டிய பிறகு காதைத் துடைத்து உலர்த்துவது கட்டாயம். வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். செவிடு என்றால் ஒதுக்க வேண்டியதில்லை. கை அசைவைக் கொண்டே அதைப் பழக்கிவிடலாம். ஆனால் தெரிந்து வளர்க்க வேண்டும்.

உண்ணிதான் நம் ஊர் நாய்களின் பெரிய எதிரி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உண்ணி குடிக்கும் இரத்தத்தைவிட, அது உள்ளே விட்டுப்போகும் கிருமிகள்தான் ஆபத்து. எர்லிக்கியா என்ற கிருமி இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். மூக்கில் இரத்தம் வடிவது அதனால்தான். பபேசியா சிவப்பணுக்களையே உடைக்கும். சிறுநீர் கறுத்துப்போகும், ஈறு வெளுக்கும். ஆனால் இவையெல்லாம் பின்னால் வருபவை. முதலில் வருவது வெறும் சோர்வு. ஒரு வேளை சாப்பிடாது, மூலையில் படுத்திருக்கும். "வெயில் தாங்கல போல" என்று நாம் விட்டுவிடுவோம். நாயின் இயல்பான உடல்சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போய்விடுங்கள். அன்றைக்கே ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் பிழைக்க வைத்துவிடலாம். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நாயின் ஈரலுக்கு அது நஞ்சு.

விரல் இடுக்கு, காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், தொடை இடுக்கு. உண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்கள் இவைதான். கண்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். தோலும் வெந்துபோகும், நக்கினால் குடலும் கெடும். நாயின் மேல் ஓர் உண்ணி இருந்தால் சுவர் விரிசலிலும் கட்டில் அடியிலும் அதன் குடும்பமே இருக்கும். அதனால் மருந்து நாய்க்கு, சுத்தம் வீட்டுக்கு என்று இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

நாயையும் மலைக்குக் கூட்டிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். வளைவுகளில் வாந்தி குறையும். மேலே போனதும்தான் பெரிய தவறு நடக்கிறது. "இங்கதான் ஜில்லுனு இருக்கே" என்று காரில் நாயை விட்டுப் படகுத்துறைக்குப் போய்விடுகிறோம். வெளியே இதமாக இருந்தாலும், கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் அடுப்பாகிவிடும். கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற முடியும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. நாக்கு சிவந்து, எச்சில் கொழகொழத்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதற்குப் பிறகு மருத்துவமனை.

எஸ்டேட் விடுதிகளில் தங்கினால் காப்பித் தூளையும் வடிகட்டிய சக்கையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். காஃபீன் நாயின் இதயத்தைத் தறிகெட்டு ஓட வைக்கும். வலிப்பு வரை போகும். தோட்டங்களுக்குள் நடக்கும்போது சங்கிலியைக் கழற்றாதீர்கள். சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. நாய் குரைத்துக்கொண்டு போய் அதைச் சீண்டும். அது திரும்பினால் நாய் ஓடி வருவது உங்களிடம்தான்.

இனி ஊசி. குட்டிக்கு ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் நாலு மாத வயது வரைக்கும். "ஒரே ஊசியைத் திரும்பத் திரும்ப எதற்குப் போடச் சொல்கிறார்கள்?" என்று கேட்கும் வாசகர்கள் பலர். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் செயலிழக்க வைத்துவிடும். எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். தீர்ந்த பிறகும் ஊசி போடாமல் விட்டால், பார்வோ வைரஸ் உள்ளே நுழைய அந்த இடைவெளி போதும். இரத்தக் கழிச்சலில் சில நாளிலேயே குட்டி போய்விடும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். மழைக்காலத்தில் எலி நடமாடும் குட்டைகளில் தண்ணீர் குடிக்கும் நாய்களுக்கு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் தேவை. அந்த நோய் நமக்கும் தொற்றும்.

வெறிநோய்க்கு வருகிறேன். 1885 ஜூலை 6 அன்று பாரிஸில், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தன் தடுப்பு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். பையன் பிழைத்தான். இந்தியாவில் அந்தச் சிகிச்சை 1900-இல் கசௌலியில் வந்தது. ஆனால் இமயமலை அடிவாரத்துக்கு இங்கிருந்து ரயில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிடும். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறந்த பிறகுதான் தென்னாட்டு மக்களுக்கு மூச்சு வந்தது. இன்று அந்த ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும், உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரையுமே காப்பாற்ற முடியாது என்பதால் இது நெஞ்சைச் சுடுகிறது. கடித்தாலும் கீறினாலும், வளர்ப்பு நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றே ஊசி போடுங்கள். எந்தத் தவணையையும் விடாதீர்கள். விளையாட்டில் கடிபட்ட குழந்தை திட்டுக்குப் பயந்து மறைத்துவிடும். "நாய் பல்லு பட்டா அம்மாகிட்ட சொல்லணும், திட்டமாட்டேன்" என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அதே ஜூலை 6 இப்போது விலங்குவழி நோய்கள் தினம். அன்று அரசு கால்நடை மருந்தகங்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மலைக்கிராமங்களில் காவலுக்கு வளரும் நாட்டு நாய்களுக்கு ஊசி போடாததற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல. மருந்தகம் தொலைவு, ஒரு நாள் கூலி போய்விடும். உங்களிடம் வண்டி இருந்தால், உங்கள் நாயோடு தோட்டக்காரரின் நாயையும் வாசலில் படுக்கும் தெரு நாயையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஊசி போட்ட அட்டையை அவரவர் பெயரில் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்